வெளுத்துப் போன தாலி

இன்று காலை நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, என் பழைய வார்டிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அலமாரிக்குப் பின்னால் சிக்கிக் கிடந்த ஒரு கண்ணாடி தெர்மாமீட்டர். கூடவே ஒரு கேள்வி: "மிஸ், இத எந்தக் கலர் கவர்ல போடணும்?" அனுப்பியவள் ரேவதி. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். ஆஸ்பத்திரிக் குப்பைக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என்று தனித்தனி கவர்கள் உண்டு. எதிலும் போடாதே, உடையாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடு என்று பதில் எழுதினேன். "ஏன் மிஸ்? தம்மாத்தூண்டுதானே இருக்குது?" என்று கேட்டாள். போனில் ஒரு விரலால் தட்டிச் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வெங்காயம் அப்படியே கிடக்கிறது.

என் பெயர் பிலோமினா. புதுச்சேரியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாதிக்கு மேற்பட்ட காலம் குழந்தைகள் வார்டு, அதிலும் கடைசிப் பகுதி வார்டு இன்சார்ஜ். வீடு அரியாங்குப்பத்தில். தினமும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் விரிக்கவும் திட்டு வாங்கவும் நின்றுகொண்டே தூங்கவும் கற்றுக்கொண்டோம். தெர்மாமீட்டர் உடைக்காதவள் எங்கள் செட்டில் ஒருத்திகூடக் கிடையாது. உதறுகிற வேகத்தில் கட்டில் கம்பியில் பட்டுவிடும். உள்ளே இருக்கிற பாதரசம் குண்டுமணி குண்டுமணியாகத் தரையில் ஓடும். அதைப் பிடித்து காலி பென்சிலின் பாட்டிலில் சேர்த்து வைத்துக்கொண்டு, ஹாஸ்டலில் உள்ளங்கையில் விட்டு உருட்டி விளையாடுவோம். அப்போது அது எங்களுக்குக் கிடைத்த ஒரே பொழுதுபோக்கு.

எங்கள் மேட்ரனை செசீல் மதாம் என்று கூப்பிடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரில் இருந்தபோதே வேலைக்குச் சேர்ந்தவர். யாராவது தெர்மாமீட்டரைக் கையில் எடுத்தால் வார்டின் அந்தக் கோடியிலிருந்து "அத்தான்சியோன்!" என்பார். ஜாக்கிரதை என்று அர்த்தம். அந்தச் சத்தத்தில் பயந்தே பலர் கீழே போட்டார்கள். உடைந்துவிட்டால் மட்டும் திட்ட மாட்டார். "தங்கத்தக் கழட்டு. ஃபேன நிறுத்து. அப்புறம் குனி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் ஒரு தடவை முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராகக் குனிந்தேன். சர்ச்சில் உறுதிப்பூசுதல் சடங்கு நடந்தபோது என் சித்தப்பா போட்ட மோதிரம் சாயங்காலத்துக்குள் வெள்ளி மாதிரி வெளுத்துவிட்டது. அழுதுகொண்டு மதாமிடம் காட்டினேன். அவர் மோதிரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மோதிரத்துக்குள்ள போனது ஒனக்குள்ள போவாதுன்னு யார் சொன்னா?" என்று கேட்டார். அன்றோடு பென்சிலின் பாட்டில் விளையாட்டு நின்றது.

பிற்காலத்தில் முறையாகவே எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். பாதரசம் சிந்தினால் துடைப்பம் எடுக்கவே கூடாது. துடைப்பம் பட்டால் ஒரு குண்டு நூறு குண்டாகும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, இரண்டு கெட்டி அட்டைகளால் குண்டுகளை மெதுவாக ஒன்றோடு ஒன்று தள்ளிச் சேர்க்க வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் விட்டு மூட வேண்டும். பிறகு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தால், கண்ணுக்குத் தப்பியதெல்லாம் மினுக்கும். தப்பியது சும்மா கிடக்காது. கண்ணுக்குத் தெரியாத ஆவியாகிக்கொண்டே இருக்கும். தரையோடு தரையாகத் தவழ்கிற, படுக்கிற குழந்தைதான் அதை முதலில் மூச்சில் இழுக்கும். முழுங்கினால்கூட வயிற்றில் பெரும்பாலும் தங்காத பொருள், மூச்சு வழியாகப் போனால் மூளை வரை போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் பாதரசமே வேண்டாம் என்று முடிவாயிற்று. தெர்மாமீட்டரும் பி.பி. மெஷினும் டிஜிட்டல் ஆயின. வாசலில் 'பாதரசமில்லா மருத்துவமனை' என்று போர்டு வைத்தார்கள். நாங்கள் அதன் முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். கேக் வெட்டியதாகவும் ஞாபகம். பழைய பி.பி. மெஷின்களெல்லாம் ஸ்டோரின் மூலையில் மலையாகக் குவிந்தன. நடுவில் கண்ணாடிக் குழாயும், குழாய்க்குள் பாதரசமும் உள்ள கனத்த பெட்டிகள். அவற்றிலிருந்து பாதரசத்தை வடித்துத் தனியாக ஒப்படைத்த பிறகுதான் பெட்டிகளை ஏலம் விட வேண்டும் என்பது விதி. வடிக்கத் தெரிந்த மெக்கானிக் லீவில் இருந்தார். ஏலத் தேதி லீவில் இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கேக் நன்றாக இருந்தது என்பதுதான்.

இங்கே எங்கள் வார்டின் தலைமை டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் ரகுராமன். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளியின் வீட்டார் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, "வேற?" என்பார். அவர்கள் இன்னொன்று சொல்வார்கள். அதற்கும் "வேற?" எல்லாம் சொல்லியாயிற்று என்று அவர்கள் வாயை மூடிக்கொண்ட பிறகும் பேசாமல் நின்றுகொண்டிருப்பார். அந்த மௌனம் தாங்காமல் அவர்கள் வாயிலிருந்து வருகிற கடைசி விஷயம்தான் பல நேரம் வியாதிக்குக் காரணமாக இருக்கும். நாட்டு மருந்து, மாற்றிக் கொடுத்த மாத்திரை, மறைத்து வைத்த விழுந்த காயம், எல்லாம் அப்படித்தான் வந்தன. நாங்கள் அவருக்கு 'வேற டாக்டர்' என்றே பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் யாழினி அட்மிட் ஆனாள். நான்கு வயது. உள்ளங்கையும் உள்ளங்காலும் செக்கச் செவேலென்று சிவந்து, தோல் உரிந்துகொண்டிருந்தது. வேர்த்து வேர்த்துப் பாவாடை நனைந்திருக்கும். வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். யாரும் தொடக்கூடாது. நடந்துகொண்டிருந்த குழந்தை நடப்பதை விட்டுவிட்டாள். எரிச்சல் தாங்காமல் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் வைத்து, இரண்டு கையையும் அதற்குள் விட்டபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் சூடாகிவிட்டால் "மாத்து, மாத்து" என்று அழுவாள். முப்பது வருடம் குழந்தைகள் அழுவதைக் கேட்டவள் நான். அந்த "மாத்து" மட்டும் பஸ்ஸில் வீடு வரை என்னோடு வந்தது.

பி.பி. பார்த்தேன். வயசான ஆளுக்கு இருந்தாலே டாக்டரை ஓடிக் கூப்பிடுகிற அளவுக்கு இருந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று இன்னொன்றைக் கொண்டுவந்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

குழந்தையோடு மூன்று பேர் வந்திருந்தார்கள். அம்மா சுமதி, வாயே திறக்காத பெண். அப்பா செல்வம், தட்டாஞ்சாவடியில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். அப்பாவைப் பெற்ற அஞ்சலை, மில் தொழிலாளியின் விதவை. டாக்டர் யாரைக் கேட்டாலும் பதில் சொன்னது அஞ்சலைதான். "வேற?" என்கிற சொல்லுக்காகவே பிறந்தவர் போல் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணு, குழந்தை தின்ற ஐஸ், மருமகள் காலையில் எழுந்திருக்கிற நேரம், மருமகள் வைக்கிற ரசம் என்று வரிசையாக வந்தது. டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

கடைசியில் அவரே கேட்டார். "வீட்ல தெர்மாமீட்டர் ஏதாவது ஒடஞ்சுதா?"

"எங்க வூட்ல தெர்மாமீட்டரே கெடையாது டாக்டரு. காச்சல்னா கைய வெச்சுப் பாப்போம்" என்றார் அஞ்சலை.

செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் வார்டில் அப்பாக்கள் பெரும்பாலும் தரையைத்தான் பார்ப்பார்கள், அதனால் நான் கவனிக்கவில்லை.

டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிய சந்தேகங்களில் பாதரசமும் ஒன்று. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சிவந்த கை, வேர்வை, பி.பி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தே அவர் அங்கே வந்துவிட்டார். குழந்தையின் சிறுநீரை வெளியூர் லேபுக்கு அனுப்பினார். முடிவு வர நாளாகும். "பாதரசமாவே இருந்தாலும், எங்கேர்ந்து வருதுன்னு தெரியணும் சிஸ்டர். அது தெரியாம மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பினா, திரும்ப அதுக்குள்ளயே அனுப்புற மாதிரி" என்று என்னிடம் சொன்னார். இதற்கிடையில் ஒரு காலை குழந்தைக்கு வலிப்பு வந்தது. பி.பி. மூளையைத் தாக்கியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதினார். இனி ஒரு தடவை வந்தால் தாங்குமா என்று நான் கேட்டேன். அவர் ஸ்கேன் சீட்டில் 'அவசரம்' என்று எழுதினார்.

அந்த ஸ்கேன் அறையில் பெரிய காந்தம் இருக்கிறது. குழந்தையோடு கூடப் போகிறவர் உடம்பில் ஒரு பின் ஊசிகூட இருக்கக்கூடாது. பெண்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை. வளையல், கம்மல் எல்லாம் கழற்றுவார்கள். தாலி என்றால் நின்றுவிடுவார்கள். எங்கள் கத்தோலிக்கப் பெண்களும் சிலுவைத் தாலியைப் பிடித்துக்கொண்டு அதே பிடிவாதம்தான் பிடிப்பார்கள். இதற்காகவே என் மேஜை டிராயரில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எப்போதும் இருக்கும். மஞ்சளைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்ட பிறகு தாலியைக் கழற்றினால் கழுத்து ஒரு நிமிஷம்கூடக் காலியாக இல்லை என்று ஆகிவிடும். ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதுகிற இன்டென்டில் இதற்கு இடமில்லை. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போகும்போது நானே வாங்கி வருவேன்.

சுமதி அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க அத்த போவட்டும் சிஸ்டர்" என்றாள். அத்தையைக் கண்டால் குழந்தை இன்னும் அலறும் என்பது வார்டுக்கே தெரியும். "ஒம் புள்ள ஒன்கிட்டதான் இருக்கும். நேரமாவுது, வா" என்று ஸ்கிரீனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். கொஞ்சம் கோபமாகத்தான் பேசினேன். நான் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டதும் அவள் திரும்பி நின்று, ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை எடுத்து என் கையில் வைத்தாள். வைத்த கை நடுங்கியது.

பூசிப் பூசி அடை மாதிரி மஞ்சள் அப்பியிருந்தது. ஓர் ஓரத்தில் மஞ்சள் உதிர்ந்த இடத்தில் பார்த்தேன். தாலி, குண்டு, செயினில் பாதி தூரம், எல்லாம் வெள்ளை.

"யார்ட்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்றாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான். "தாலி பிரிச்சுக் கோக்கும்போது எங்கம்மா வூட்ல செயினும் குண்டும் போட்டாங்க. அது கலப்படத் தங்கமாம். அது பட்டுத்தான் அவங்க போட்ட தாலியும் வெளுத்துடுச்சுன்னு அத்த சொல்றாங்க. ஆசாரிகிட்ட காட்டலாம்னா, வூட்டு மானம் போயிடும், வெளில காட்டாதன்றாங்க. பொங்கலுக்குள்ள மாத்திக் குடுக்கலன்னா எங்கம்மா வூட்லயே கொண்டாந்து வுட்டுடுவாங்களாம்."

"நீ என்ன நெனச்ச?"

"அவருக்குத்தான் ஏதோ ஆவப்போவுதுன்னு நெனச்சேன். மாரியம்மனுக்கு வேண்டிக்கினேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவருக்கு ஒண்ணும் ஆவல. புள்ளைக்கு ஆயிடுச்சு."

"இது எப்ப வெளுத்துச்சு?"

"குண்டு சிதறுச்சே, அதுக்கு மறுநாளு."

"என்ன குண்டு?"

அப்போதுதான் சொன்னாள். பெருமழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால், செல்வம் ஏலத்தில் எடுத்த, கண்ணாடிக் குழாய் வைத்த பெட்டிகளை மூட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து அறைக்குள் வைத்து உடைத்தார். உள்ளே இருந்து வெள்ளிக் குண்டுகள் ஓடின. முடிந்தவரை ஒரு பாட்டிலில் பிடித்து யாரிடமோ விற்றுவிட்டார். மிச்சத்தைச் சுமதி குனிந்து கையால் கூட்டினாள். குனிந்தபோது தாலி தரையில் புரண்டது. பிறகு துடைப்பத்தால் பெருக்கி, தண்ணீர் ஊற்றிப் பின்பக்கச் சாக்கடையில் தள்ளினாள். அப்படியும் கட்டில் காலடியில் குண்டுகள் வந்துகொண்டே இருந்தன. குழந்தை தினமும் அவற்றைப் பொறுக்கித் தன் பொம்மைக்குச் சோறு ஊட்டினாள். ராத்திரி அதே தரையில் பாய் போட்டுப் படுத்தாள்.

ஸ்கேன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்த டாக்டரிடம் தாலியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "வேற?" என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது, பாவம்.

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர். பி.பி. மெஷின். ஒரு மூட்டை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த செல்வத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் எதுவும் கேட்பதற்குள் செல்வம் அழ ஆரம்பித்துவிட்டார். "ஏல சரக்கு சார். ஒடச்சது தப்புன்னு கேஸ் ஆயிடும்னு பயந்துட்டேன். அதனாலதான் புள்ளைக்கு இப்டின்னு சத்தியமா தெரியாது சார்." டாக்டர் அவரைத் திட்டவில்லை. எனக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது. குழந்தை ஸ்கேன் அறைக்குள் "மாத்து, மாத்து" என்று அழுவது வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

லேப் முடிவும் வந்து உறுதிப்படுத்தியது. பாதரசத்தைப் பிடித்து வெளியேற்றுகிற மருந்தை வெளியூரிலிருந்து வரவழைத்தார் டாக்டர். சுமதியின் சிறுநீரிலும் அது இருந்தது. அவள் கை நடுங்கியது பயத்தால் மட்டும் இல்லை.

சுகாதார ஆய்வாளரோடு அந்த வீட்டுக்கு நானும் போனேன். சிந்திய பாதரசம் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகிய ஆள் வேண்டும் என்று டாக்டர் அனுப்பினார். முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு சந்து. சின்ன வீடு, ஆனால் தரை மட்டும் அரண்மனைத் தரை. சிவப்புச் சிமென்ட் போட்டு இழைத்து, முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார் அஞ்சலை. "மில்லுல கணக்கு முடிச்சுக் குடுத்த காசுல அவரு போட்ட தரைம்மா. தெனம் தேங்காண்ண தொட்டுத் தொடைப்பேன்" என்றார். நான் ஜன்னலைச் சாத்தச் சொல்லி, டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தேன். சுவரோரத்து வெடிப்பு முழுக்க, கட்டில் கால் நான்கைச் சுற்றியும், பொடிப் பொடியாக மினுக்கியது. ஆய்வாளர் மறுபடியும் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டார்.

அறை மூலையில் குழந்தையின் பொம்மைத் துணிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பி.பி. மெஷினின் பெட்டி. மூடியில் சிவப்பு நெயில் பாலீஷில் 'கு.வா. 3' என்று எழுதியிருந்தது. குழந்தைகள் வார்டு, மூன்றாம் மெஷின். பக்கத்து வார்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க நானே எழுதியது.

ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டன்ட் எங்கள் டாக்டரைக் கூப்பிட்டு விட்டார். நானும் பெட்டியோடு போனேன். டாக்டர் எழுதிய ரிப்போர்ட்டைச் சூப்பரின்டென்டன்ட் படித்துவிட்டு, "இது நம்ம ஆஸ்பத்திரி மெஷின்னு எழுதித்தான் ஆகணுமா?" என்று கேட்டார்.

"வேற எந்த ஆஸ்பத்திரின்னு எழுதட்டும் சார்?" என்றார் டாக்டர். நிஜமாகவே யோசனை கேட்கிற குரலில்தான் கேட்டார். சூப்பரின்டென்டன்ட் பெட்டி மூடியிலிருந்த எழுத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட் எழுதியபடியே போயிற்று. ஏலத்தில் போன மற்ற பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். போர்டு வாசலிலேயே இருந்தது.

சுமதி சாக்கடையில் தள்ளியது எங்கே போயிருக்கும் என்று ஒரு நாள் டாக்டர் எங்களுக்கு வகுப்பில் சொன்னார். சாக்கடை வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் ஆற்றுக்கோ கடலுக்கோ போகும். சேற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை வேறு ரூபமாக மாற்றும். அந்த ரூபம் உடம்பில் ஒட்டிக்கொண்டு லேசில் வெளியே போகாது. பாசியைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், ஒவ்வொரு படிக்கும் அளவு ஏறிக்கொண்டே போகும். அந்த மீனைச் சாப்பிடுகிற கர்ப்பிணியிடமிருந்து வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குப் போகும். "அப்ப மீனே சாப்பிடக்கூடாதா டாக்டர்?" என்று கேட்டேன். எனக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. "சுறா, பெரிய வஞ்சிரத்த கொறைங்க. நெத்திலி, மத்தி தாராளமா சாப்பிடுங்க" என்றார். நான் வெள்ளிக்கிழமைகளில் வஞ்சிரத்துக்காகவே காத்திருந்தவள். இப்போது நெத்திலி வாங்குகிறேன். பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பார்த்தால் எனக்கு அதன் மேல் இல்லை, எங்கள் மேல்தான் கோபம் வருகிறது. எங்கள் வாசலை விட்டுப் போனால் போதும் என்று நினைத்தோம். அது போய் இன்னொரு வாசலில் உட்கார்ந்துகொண்டது.

மருந்து மெதுவாக வேலை செய்தது. பி.பி. இறங்கியது. கையின் சிவப்பு குறைந்தது. ஒரு நாள் யாழினி மக்கைத் தள்ளிவிட்டு என்னிடம் பிஸ்கட் கேட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்து கொடுத்தேன். இன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போகிறாள். கையெழுத்து கோணலாக இருக்கிறது. அது பாதரசத்தாலா, வெறுமனே கையெழுத்தே அப்படியா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

ஆனால் அவளை வீட்டுக்கு அனுப்புவதுதான் கடைசியில் பெரிய சிக்கலாகிவிட்டது. வெடிப்புக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது, அந்த அறையின் தரையைப் பெயர்த்து, டிரம்மில் அடைத்து அப்புறப்படுத்த வேண்டும் என்று ஆய்வாளர் எழுதிவிட்டார். ஆட்களையும் அவர்களே அனுப்புவார்கள். அஞ்சலை சம்மதிக்கவில்லை. பினாயில் ஊற்றினார். சாணி கரைத்து மெழுகினார். வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தார். "அவரு போட்ட தரைய நான் உசுரோட இருக்கும்போது ஒடைக்க வுடமாட்டேன்" என்று வார்டிலேயே சொன்னார். செல்வம் அம்மாவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ வாங்கப் போய்விடுவார். இன்னொரு பக்கம், கட்டில் தேவைப்படுகிறது, குணமான குழந்தையை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று சூப்பரின்டென்டன்ட் அலுவலகத்திலிருந்து தினமும் போன். "குணமாயிடுச்சு. வீடு குணமாகல" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார் டாக்டர்.

ஒரு பகல் ரவுண்ட்ஸ் முடிந்ததும் சுமதி டாக்டருக்கு முன்னால் வந்து நின்றாள். கழுத்தில் நான் கட்டிய மஞ்சள் கயிறு. "டாக்டர், எங்க செயினு ஏன் வெளுத்துச்சுன்னு எங்க அத்தைகிட்ட ஒரு தடவ நீங்களே சொல்றீங்களா?"

அஞ்சலை பக்கத்துக் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் தாலியைப் போட்டு மூடி வைத்திருந்த கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அவருக்கு முன்னால் பிடித்தார். "தங்கத்துல பாதரசம் பட்டா ஒட்டிக்கிட்டு இப்படி வெளுத்துடும்மா. எவ்வளவு சுத்தமான தங்கமா இருந்தாலும் வெளுக்கும். இதுக்குக் காரணம் உங்க வீட்டுத் தரையில இருக்கிற பாதரசம்தான்."

"அப்ப தங்கம் நல்ல தங்கம்தானா?"

"வெளுத்தத வெச்சு மட்டமான தங்கம்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அவர் எப்போதும் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார்.

அஞ்சலை என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. "நல்ல தங்கம்தாம்மா" என்றேன்.

"ஆசாரிகிட்ட குடுத்துச் சூடு காட்டினா பழையபடி ஆயிடுமா?"

"கூடவே கூடாது. அந்த ஆவிய அவரும் அவர் வீட்டுப் புள்ளையும்தான் சுவாசிப்பாங்க" என்றார் டாக்டர். அந்த பாட்டில் அப்படியே எங்கள் அலமாரிக்குத் திரும்பியது. ஒரு தாலியை எந்த வகைக் கழிவாக ஒப்படைப்பது என்று விதியில் இல்லாததால் நான் ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தது.

சுற்றியிருந்த கட்டில்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை ஆரஞ்சுத் தோலையெல்லாம் பொறுக்கி ஒரு காகிதத்தில் கட்டினார். பிறகு மருமகளைப் பார்க்காமல், "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

அந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் மன்னிப்பு கேட்கத் தெரியாது என்று எனக்குப் புரிந்தது. சுமதிக்கும் புரிந்திருக்கும். அவள் குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தரைய ஒடச்சாச்சா அத்த?" என்றாள்.

அஞ்சலை எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. டீ வாங்கப் போன செல்வம் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்தார். சுமதி குழந்தைக்குத் தலைவாரினாள், துணி துவைத்தாள், ஜன்னலோரம் நின்றாள். திரும்பிப் போக வீடு இல்லாமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "எங்கன்னா போவேன் சிஸ்டர். அங்க படுக்க வெக்கமாட்டேன்" என்றாள்.

ஆய்வாளர்தான் போனில் சொன்னார். தரையைப் பெயர்க்க ஆள் அனுப்பச் சொல்லி அஞ்சலையே அவரிடம் போயிருக்கிறார். முகமூடி போட்ட ஆட்கள் தரையைப் பெயர்த்த அன்று கிட்டே வரக்கூடாது என்று அஞ்சலையைத் தெருமுனையில் நிறுத்திவிட்டார்களாம். காலையிலிருந்து கடைசி டிரம் வண்டியில் ஏறும் வரை, யார் கூப்பிட்டும் உட்காராமல் வெயிலில் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகும் ஆய்வாளர் உள்ளே டார்ச் அடித்துச் சோதித்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் கால் வைத்திருக்கிறார்.

அவர் வார்டுக்கு வந்தபோது சுமதி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலை கட்டிலோரம் நின்றார். கண் வீங்கியிருந்தது. கீழே குனிந்து, கட்டிலுக்கடியில் இருந்த துணி மூட்டையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வெறும் மண்ணுதான் இருக்குது" என்றார். "வாம்மா, நம்ம வூட்டுக்குப் போவலாம்."